உண்டியலா, தபால் கணக்கா, வகுப்பு வங்கியா, ஆட்டுக்குட்டியா?

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் நாலு பேராவது கேட்டுவிடுவார்கள். "சார், பொண்ணுக்கு ஒரு கணக்கு போட்டு வெச்சிரலாம்னு இருக்கோம். போஸ்ட் ஆபீஸா, பேங்கா?" பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கேட்பது இன்னொரு மாதிரி: "வகுப்புல பிள்ளைங்க காசைச் சேர்க்கச் சொல்லலாமா, இல்ல அது வேண்டாத வம்பா?" தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இரண்டு கேள்விக்கும் சேர்த்து எழுதி வைத்தால் அடுத்த ஜூனில் தாளை நீட்டிவிட்டு நகர்ந்துவிடலாம் என்ற சோம்பேறித்தனத்தில் எழுதியது இது.

## எதை வைத்து அளப்பது

வட்டியை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள், அதுதான் இங்கே கடைசி விஷயம். ஒரு பிள்ளை வாரம் 10 ரூபாய் சேர்த்தால் வருடத்துக்கு 520 ரூபாய். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் 4 சதவீத வட்டியில் முதல் வருடம் அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 10 ரூபாய். வட்டி இரண்டு மடங்கானாலும் 20 தான். அந்தப் பத்து ரூபாய்க்காக அம்மா ஒரு நாள் வேலைக்குப் போகாமல் டவுனுக்குப் போனால், நூறு நாள் வேலைக் கணக்கிலேயே 300 ரூபாய்க்கு மேல் போச்சு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது சரிதான். ஆனால் போன பொழுதை யார் திருப்பித் தருவார்கள்?

நான் பார்ப்பது வேறு. பிள்ளை தன் கையால் போட்டு, தன் கையால் எடுக்க முடிகிறதா? போடுவதைவிட எடுப்பதில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. எதற்கு எடுக்கிறோம், எடுத்தால் எவ்வளவு மிஞ்சும், இன்னும் இரண்டு வாரம் பொறுக்கலாமா என்று யோசிப்பதுதான் பாடம். அடுத்தது, இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயத்தை முகம் சுளிக்காமல் வாங்குவார்களா? வீட்டில் அவசரம் வரும்போது அந்தப் பணம் என்ன ஆகும்? பொறுப்பாக இருக்கும் ஆள் மாறிப்போனால் கணக்கு நிற்குமா? இவ்வளவுதான்.

நம் பிள்ளைகளிடம் காசு மாதாமாதம் வருவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். பொங்கலுக்கு மாமா கொடுத்த 50, திருவிழாவில் பெரியப்பா கொடுத்த 100, வெயில் காலக் கடைசியில் வேப்பங்கொட்டை பொறுக்கி விற்றது என்று சேர்ந்து வரும். அப்புறம் இரண்டு மாதம் ஒன்றுமே இருக்காது. மாதச் சம்பளக்காரர் வீட்டுக்காக யோசித்த திட்டம் பல இங்கே முட்டிக்கொள்வது இதனால்தான்.

## வீட்டு உண்டியல்

செலவில்லாதது. மண் உண்டியல் இல்லாவிட்டால் மூடியில் கீறல் போட்ட பழைய ஹார்லிக்ஸ் டப்பா போதும். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்லது கிடையாது. குலுக்கினால் சத்தம் கேட்கிறது, கனம் கூடுகிறது. வங்கிப் புத்தகத்தில் ஏறும் எண்ணை அந்த வயதில் பிள்ளை நம்பாது.

குறை என்ன? உடைத்தால்தான் எடுக்க முடியும் என்பதால் கணக்கு கிடையாது. எவ்வளவு போட்டோம், எப்போது போட்டோம் என்பது தெரியாது. இதற்கு மருந்து எளிது: டப்பாவோடு ஒரு நாற்பது பக்க நோட்டு.

இன்னொன்று யாரும் வெளியே பேசாதது. வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவோ, கேஸ் சிலிண்டரோ வந்தால் முதலில் திறப்பது பிள்ளையின் உண்டியல்தான். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். இல்லாத வீட்டில் எல்லார் காசும் எல்லாருக்கும்தான். ஆனால் பிள்ளை பள்ளிக்கு வந்திருக்கும்போது சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, "நீ எங்க அவ்வளவு போட்ட?" என்று மழுப்பினால், அந்தப் பிள்ளை அதற்கப்புறம் சேர்க்காது. கிடைத்ததை அன்றைக்கே மிட்டாய்க் கடையில் தீர்த்துவிடும், அதுதான் புத்திசாலித்தனம் என்றும் நினைக்கும். என் வகுப்பில் ஒரு பெண் கொண்டுவந்து காட்டிய நோட்டில் ஒரு வரி: "அம்மா வாங்குனது 120, கேஸ்." அதன் கீழே அம்மாவின் கையெழுத்து. இரண்டு வாரம் கழித்து "அம்மா குடுத்தது 60." மீதி 60 இன்றுவரை நிலுவை. கடன், தவணை, நாணயம் எல்லாவற்றையும் அந்த அம்மா ஒரே பக்கத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

சிறுவாட்டுப் பணம் நம் பாட்டிகள் காலத்திலிருந்தே உண்டு. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் இருந்த அந்தப் பணம், 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த 2016 நவம்பர் 8 ராத்திரிக்கு அப்புறம் எப்படி வெளியே வந்தது, யார் யார் வீட்டில் என்ன சண்டை நடந்தது என்பதும் ஊருக்குத் தெரியும். ரொக்கமாக வருடக்கணக்கில் வைப்பதில் அந்த ஆபத்து இருக்கிறது. சின்ன அளவில் இன்னொரு தொல்லை, பத்து ரூபாய் நாணயம். 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே விளக்கம் சொன்னது. அதற்கப்புறமும் பல ஊர்க் கடைகளில் "இது ஓடாது தம்பி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உண்டியல் நிறைய அந்த நாணயமாகச் சேர்த்து வைத்த பையனின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஆறிலிருந்து ஒன்பது வயதுவரை உண்டியல். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் நிரப்பவிடாதீர்கள்.

## வகுப்பு வங்கி

என் தலைமுறைக்குச் 'சஞ்சாயிகா' என்ற பெயர் நினைவிருக்கும். பள்ளிக்குள்ளேயே பிள்ளைகள் நடத்தும் சேமிப்பு வங்கி, மேற்பார்வைக்கு ஒரு ஆசிரியர். அக்டோபர் 30 அன்று உலகச் சிக்கன நாள் என்று பேச்சுப் போட்டி நடக்கும். (மற்ற நாடுகளில் அது 31. 1984இல் இந்திரா காந்தி கொல்லப்பட்ட தேதி என்பதால் இங்கே ஒரு நாள் முன்னால் வைத்துக்கொண்டோம்.) போட்டி இன்னும் நடக்கிறது. வங்கிதான் பெரும்பாலும் காணோம்.

எனக்கு இதில் ஒரு பழைய குறையும் உண்டு. நான் ஆறாவது படித்தபோது வாரம் 25 காசு, 50 காசு என்று கட்டினேன். அட்டையில் முத்திரையெல்லாம் குத்தினார்கள். பொறுப்பு ஆசிரியர் பாதி வருடத்தில் மாற்றலாகிப் போனார், அட்டை என்னிடம், காசு எங்கேயோ. பதினோரு ரூபாய் சில்லறை. இன்றைக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் கல்லூரி முடியும்வரை எந்தத் திட்டத்திலும் நான் ஒரு பைசா போடவில்லை. அதனால் ஆறு வருடம் முன்பு என் வகுப்பில் இதை ஆரம்பித்தபோது, என்னை நம்பாத மாதிரியே விதிகளை எழுதினேன்.

பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று பிள்ளைகள் தேர்ந்தெடுத்த காசாளரிடம். திங்கள்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து பத்து நிமிடம் மட்டும் வங்கி. பேரேடு ஒரு பிள்ளையிடம், தனித்தனிச் சீட்டு ஒவ்வொரு பிள்ளையிடமும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பெட்டி மூடும். ஒரு தடவைக்கு 20 ரூபாய்க்கு மேல் வாங்குவதில்லை. இல்லாவிட்டால் கடைக்காரர் மகன் 100 ரூபாய் நோட்டை நீட்டும்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளை இரண்டு ரூபாயை எடுத்துச் சட்டைப் பைக்குள்ளேயே திருப்பிப் போட்டுக்கொள்ளும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று சத்தமாகப் படிப்பதும் கிடையாது. எடுக்க வேண்டுமானால் முந்தின வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு நாள் இடைவெளியில் பாதி விண்ணப்பங்கள் தானாக வாபஸ் ஆகிவிடும்!

ஏப்ரல் கடைசியில் கணக்கை முடித்து எல்லாப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அடுத்த வருடத்துக்கு ஒரு ரூபாய்கூடப் போகாது. நான் மாற்றலாகிப் போனாலும் யார் அட்டையும் அனாதையாகாது.

மறைந்திருக்கும் செலவு ஆசிரியருடையது. பத்து நிமிடம் என்று சொன்னாலும் பேரேடு சரிபார்க்க வாரம் அரை மணி ஆகும். குறையும் காசு உங்கள் பையிலிருந்துதான் போகும். எனக்கு இதுவரை போனது மொத்தம் 74 ரூபாய். பெட்டியில் ஆயிரத்துக்கு மேல் சேர்ந்தால் எங்கே வைப்பது என்பதும் சிக்கல். அஞ்சலகத்தில் தனிநபர், கூட்டு, மைனர் கணக்குகள்தான், வகுப்பின் பெயரில் திறக்க முடியாது. உங்கள் சொந்தக் கணக்கில் போட்டால் நாளைக்குப் பேச்சு வரும். பள்ளி மேலாண்மைக் குழுக் கணக்கில் கலந்தால் தணிக்கையில் மாட்டும். பெட்டியில் 500 ரூபாய் தாண்டினால் பெரிய தொகை வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோரை வரவழைத்து, பிள்ளையின் சொந்தத் தபால் கணக்குக்கு மாற்றச் சொல்லிவிடுகிறோம். தலைமையாசிரியரின் எழுத்துபூர்வ அனுமதியும், பெற்றோர் கூட்டத்தில் ஒரு தீர்மானமும் இல்லாமல் இதை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள்.

இவ்வளவு வம்பு இருந்தும், நான்காவதிலிருந்து எட்டாவதுவரை என் ஓட்டு இதற்குத்தான். பிள்ளை போடுகிறது, எடுக்கிறது, இன்னொரு பிள்ளையின் கணக்கையும் எழுதுகிறது. வேறு எதிலும் இந்த மூன்றும் சேர்ந்து இல்லை.

## அஞ்சலகக் கணக்கு

கிராமத்துக்கு வங்கி வராவிட்டாலும் கிளை அஞ்சலகம் இருக்கும். பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரில் கணக்குத் திறந்து தானே கையாளலாம். அதற்குக் கீழே என்றால் பாதுகாவலர் பெயரோடு. போஸ்ட்மாஸ்டர் ஊர்க்காரராகவே இருப்பார் என்பதால் பயம் இல்லை, படிவம் நிரப்பவும் உதவுவார்.

இனி கண்ணுக்குத் தெரியாதவை. கணக்கில் 500 ரூபாய் எப்போதும் இருக்க வேண்டும். ஆக, 600 ரூபாய் சேர்த்த பிள்ளை எடுக்கக்கூடியது 100 தான். இதை முன்னாலேயே சொல்லாவிட்டால் "என் காசை ஏன் தர மாட்டேங்கிறாங்க?" என்ற கேள்வி வரும். நிதியாண்டு முடிவில் 500க்குக் கீழே இருந்தால் 50 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். மூன்று நிதியாண்டு போடாமல் எடுக்காமல் விட்டால் கணக்கு முடங்கும். அரசு நலத்திட்டத் தொகை பெறுபவர்களுக்கு இருப்புக் கட்டாயம் இல்லாத அடிப்படைக் கணக்கு உண்டு, கேட்டுப் பாருங்கள்.

நேரமும் ஒரு தடை. கிளை அஞ்சலகம் நாளுக்கு நாலைந்து மணி நேரம்தான் இயங்கும், அந்த நேரம் முழுக்கப் பிள்ளை வகுப்பில் இருக்கும். கடைசியில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போவது அம்மாவோ தாத்தாவோதான். பிள்ளைக்குத் தெரிவது பாஸ்புக்கில் ஏறிய எண் மட்டும். சனிக்கிழமை திறந்திருந்தால் அன்றைக்குப் பிள்ளையையே அனுப்புங்கள். ரசீது வாங்கிப் புத்தகத்தோடு ஒப்பிடுவதையும் பழக்குங்கள்.

ஆர்டி, அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு பற்றியும் கேட்கிறார்கள். மாதம் 100 ரூபாய் வீதம் ஐந்து வருடம், 6.7 சதவீத வட்டியில் போட்ட 6,000 ரூபாய் 7,136 ஆகும். நல்ல திட்டம். ஆனால் மாதம் தவறினால் நூறுக்கு ஒரு ரூபாய் அபராதம். நாலு மாதம் தவறினால் கணக்கு நிற்கும், இரண்டு மாதத்துக்குள் புதுப்பித்தால்தான் உயிர் பெறும். அப்பா பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலை செய்து மாதாமாதம் பணம் அனுப்பும் வீட்டுக்கு இது பொருந்தும். மழையைப் பார்த்து வரும்படி வரும் வீட்டுக்கு வேண்டாம்.

செல்வமகள் திட்டத்தைப் பலர் இதே வரிசையில் வைக்கிறார்கள். பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்கு, வருடம் 250 ரூபாயிலிருந்து போடலாம், வட்டி 8.2 சதவீதம். போட முடிந்தால் கண்டிப்பாகப் போடுங்கள். ஆனால் அது உங்கள் சேமிப்பு. பத்தாவது முடிக்கும்வரை அல்லது பதினெட்டு வயதுவரை தொட முடியாத பணத்திலிருந்து ஒரு ஏழு வயதுப் பிள்ளை எதையும் பழகாது.

## வங்கிக் கணக்கு

எட்டாவது வகுப்பு வரும்வரை அவசரமே இல்லை. அதற்கப்புறம் தவிர்க்கவும் முடியாது. எட்டாவதில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதித் தேர்வில் தேறினால் ஒன்பதாவதிலிருந்து வருடம் 12,000 ரூபாய் பிள்ளையின் கணக்குக்கு வரும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய், அதுவும் கணக்கில்தான். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாங்களே கணக்குத் திறந்து இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் மறுபடி தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எவ்வளவு எடுக்கலாம், ஏடிஎம் அட்டை கொடுப்பதா என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும்.

இங்கே பொறி ஆதார் இணைப்பில் இருக்கிறது. உதவித்தொகை கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். ஒரு முகாமில் அவசரமாக இரண்டாவது கணக்கு திறந்து இணைத்துவிட்டு, பழைய புத்தகத்தில் பணம் ஏறவில்லை என்று பள்ளிக்கும் வங்கிக்கும் அலையும் பெற்றோரை வருடாவருடம் பார்க்கிறேன். ஒரே கணக்கு போதும். இரண்டு வருடம் தொடாமல் விட்டால் அதுவும் செயல்படாத கணக்காகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 50 ரூபாயாவது போட்டு எடுங்கள். பதினெட்டு முடிந்ததும் ஆவணம், கையெழுத்து எல்லாம் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்பதையும் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

## ஆட்டுக்குட்டி, கோழி

சிரிக்காதீர்கள், எங்கள் ஊரில் இதுதான் மூத்த வங்கி. பிள்ளை பெயரில் ஒரு பெட்டைக்குட்டி வாங்கி விடுவார்கள். காசில்லாத வீட்டில் வாரத்துக்கு வளர்ப்பார்கள்: ஆடு இன்னொருவருடையது, பார்ப்பது நாம், ஈனும் குட்டியில் பங்கு. சினை ஐந்து மாதம். பிள்ளை அந்த ஐந்து மாதமும் எண்ணிக்கொண்டே இருக்கும். வட்டி என்றால் என்ன என்று கரும்பலகையில் நான் மூன்று பாடவேளை மெனக்கெடுவதை, அடைவைத்த கோழி 21 நாளில் சொல்லிவிடும். முட்டையைத் தின்றால் குஞ்சு இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் போட்ட முதலே நோயில் போய்விடும் ஆபத்து இதில் மட்டும்தான். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலி. ஆட்டுக்கொல்லி நோயும் அப்படித்தான். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் கோழித் தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள். அப்புறம், மேய்ச்சலுக்காகப் பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட ஆரம்பித்தால் அந்த ஆடு லாபமே இல்லை. பக்ரீத்துக்கு முன் ஆட்டை விற்றுவிட்டுப் பிள்ளைக்குப் பங்கு கொடுக்காத அப்பாக்களும் உண்டு. உண்டியல் விவகாரம்தான் இது, தொகை மட்டும் பெரிது.

நிலமோ மேய்ச்சல் புறம்போக்கோ பக்கத்தில் இருந்து, வீட்டில் பெரியவர் ஒருவர் பகலில் இருந்தால் இதைத் தாராளமாக எடுங்கள். காலனி வீட்டில் கட்டிப் போட்டு, தழை விலைக்கு வாங்கி வளர்ப்பதானால் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | உண்டியல் | வகுப்பு வங்கி | அஞ்சலகம் | வங்கி | ஆடு, கோழி |
|---|---|---|---|---|---|
| ஏற்ற வயது | 6–9 | 9–13 | 10க்கு மேல் | 13க்கு மேல் | 8க்கு மேல் |
| சில்லறை வாங்குமா | வாங்கும் | வாங்கும் | சுமாராக | சிரமம் | பொருந்தாது |
| பிள்ளையே எடுக்கலாமா | உடைத்தால் | எடுக்கலாம் | 500க்கு மேலே உள்ளதை | வங்கியைப் பொறுத்து | விற்றால்தான் |
| மறைவான செலவு | வீட்டு அவசரம் | ஆசிரியர் நேரம் | இருப்பு, அபராதம் | பயணம், ஆதார் குழப்பம் | நோய், மேய்ச்சல் |
| ஆள் மாறினால் | கவலையில்லை | ஆண்டு முடிவில் பிரித்தால் கவலையில்லை | நிற்கும் | நிற்கும் | வளர்ப்பவரோடு போகும் |

தீபாவளிச் சீட்டு ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பீர்கள். பதினெட்டு வயது ஆகாதவரின் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. பதிவில்லாத சீட்டில் பெரியவர்களுக்கே பிடி இல்லாதபோது பிள்ளைக்கு என்ன இருக்கும்? அம்மா கட்டும் சீட்டு நோட்டைக் காட்டி விளக்குவது வேறு, அது நல்லதுதான்.

ஒரு வீட்டுக்கு நான் சொல்வது: ஒன்பது வயதுவரை டப்பாவும் நோட்டும், அப்புறம் பள்ளியில் வகுப்பு வங்கி இருந்தால் அது, இல்லாவிட்டால் தபால் கணக்கு, எட்டாவதில் ஒரே ஒரு வங்கிக் கணக்கு. ஆசிரியருக்கு: இரண்டு பூட்டு போட முடியாவிட்டால் ஆரம்பிக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. கணக்கு முடிக்கும் நாளைக் குறிக்கும்போது ஊர்க் காலண்டரைப் பாருங்கள். முதல் வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு நாலு நாள் முன்னால் பணத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். ஜூனில் நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ் வாங்குவார்கள் என்று நினைத்திருந்தேன். திருவிழாவன்று ராட்டினத்துக்குப் பக்கத்தில் என் வகுப்பு மொத்தமும் நின்றது. காசாளர் பையன் மட்டும் கொஞ்சம் தயங்கி என்னிடம் வந்து, "சார், பெரிய ராட்டினம் 40 ரூபா, சின்னது 20 ரூபா. சின்னதுல ரெண்டு தடவை ஏறிட்டேன்" என்று கணக்குச் சொன்னான்.